மருந்தறிஞர் சுப்பாராவ்

விழா மலர்களிலே சமயப் பெரியார், அரசியற் பெரியார், புலவர் ஆகியோரின் சரிதங்கள் இடம்பெறுதல் வழக்கம். தமிழ் படிப்பிக்கும் ஆசிரியன் ஒருவன் வைத்திய விஞ்ஞானி ஒருவருடைய சரிதத்தை எழுதப் புகுந்தது ஏன் எனச் சிலர் வினவக்கூடும். விடை எளிது. இச்சரிதத்துக்கு உரியவர் மருந்து ஆக்கியவர். அம்மருந்தை நம்மவர் பலர் இன்றும் உண்கின்றனர். உண்போரிற் பெரும்பாலோர் அவர் பெயரைக் கேட்டதில்லை. செய்ந்நன்றி மறவாமை நம் அறநூல்கள் யாவும் வற்புறுத்தும் கடன் ஆதலின், அக்கடனிற் சிறிதேனும் தீரட்டும் என்றே இக்கட்டுரை எழுதப்படுகின்றது. அவர்தாம் டாக்டர் யெல்லாப்பிரகட சுப்பாராவ் என்பார்.

முதலில் நோயைப் பற்றிச் சில கூறுதல் வேண்டும். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும், நம்மவர் வாழும் வேறெவ்விடத்திலும், காலையில் எழுந்ததும் கைவிரல்களை மடக்க இயலாது வருந்தும் தாய்மாரைக் காணலாம். தேங்காய் துருவுதல், பிட்டுக்கு மாக் குழைத்தல், பள்ளிக்குப் புறப்படும் பிள்ளையின் சட்டைக்குத் தெறி பூட்டுதல் ஆகிய சிறு வேலைகளும் அவர்க்குப் பெரும் பாரமாகும். இரு கைகளிலும் ஒத்த மூட்டுக்கள் வீங்கும். விடியற்கால விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேலும் நீடிக்கும். முதுமையால் மூட்டுத் தேய்வது வேறு, இது வேறு. இளமையிலும் இது வரும். வளர்ந்தோரில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவரைப் பற்றும்; ஆண்களிலும் பார்க்கப் பெண்களை இரண்டு மூன்று மடங்கு மிகுதியாகப் பற்றும். தக்க காலத்திற் சிகிச்சை செய்யாவிடின் கசியிழையத்தையும் எலும்பையும் அரித்து, கைகால்களைக் கோணச் செய்துவிடும். முடக்குவாதம் என்பது இதன் பெயர்.

இந்நோய் வரும் வகை விந்தையானது. பகைவரைத் தடுப்பதற்கென நிறுத்திய காவற்படை தன் அரசனது கோட்டையையே தாக்கத் தொடங்கின் எவ்வாறிருக்கும்? அதுவே இங்கு நிகழ்வது. கிருமிகளை எதிர்த்து நம்மைக் காக்கும் ஆற்றலை நிர்ப்பீடனம் என்பர். வெண்குழியங்களும், அவற்றுட் சில உண்டாக்கும் பிறபொருளெதிரிகளும் அப்படையின் வீரரும் அம்புகளும் ஆவன. தன்னுடையது எது, பிறருடையது எது என்று பகுத்தறிதலே அப்படையின் தலையாய பயிற்சி. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே ஜேர்மனியப் பேரறிஞர் போல் ஏர்லிக், உடலானது தன்னையே தாக்குவதை எவ்வாற்றானும் தவிர்த்துக்கொள்ளும் என்று கருதினார். அக்கருத்து நெடுங்காலம் நிலைத்தது. ஆயினும் 1940ஆம் ஆண்டில் நோர்வே நாட்டு அறிஞர் எரிக் வாலர் முடக்குவாத நோயாளரின் குருதியிலே ஒரு புதுமையைக் கண்டார். பிறபொருளெதிரிகளையே சென்று பற்றுகின்ற பிறபொருளெதிரி அங்கே இருந்தது. காவலனைக் காவலனே கைப்பிடியாகப் பிடித்த கதை அது. பிற்காலத்து ஆய்வாளர், உடலிலுள்ள புரதங்கள் சில சிறிது உருமாறியவழி அவற்றைப் பகையென மயங்கித் தாக்கும் வேறு பிறபொருளெதிரிகளையும் கண்டனர். இம்மயக்கத்தால் வெண்குழியங்கள் மூட்டின் உட்சவ்விலே திரள்கின்றன. சவ்வு தடிக்கின்றது. அழற்சியை மூட்டும் பொருள்கள் சுரக்கின்றன. நோய் அடியெடுத்து வைக்கின்றது.

ஆகவே வைத்தியர்க்கு இருந்த சங்கடம் பெரிது. படையை அடக்கவும் வேண்டும், அழித்துவிடவும் கூடாது. அழித்தால் கிருமிக்கு இரையாக நேரும். இச்சங்கடத்துக்கு வழி காட்டிய மருந்து சுப்பாராவின் ஆய்வுசாலையிலிருந்து வந்தது. அவர் அதனை இந்நோய்க்கென்று ஆக்கினாரல்லர். அது மூட்டுநோயைத் தீர்க்கும் என்று அறிய அவர் உயிரோடிருந்தாருமல்லர்.

சுப்பாராவ் 1895ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 12ஆந் திகதி, அக்காலச் சென்னை இராசதானியைச் சேர்ந்த பீமவரம் என்னும் ஊரிலே, தெலுங்குக் குடும்பமொன்றிற் பிறந்தார். தந்தையார் ஜகந்நாதம், தாயார் வெங்கம்மா. தந்தையார் நோயினால் உத்தியோகத்தை இடையிலே விட நேர்ந்தமையால் வீட்டிலே வறுமை குடிகொண்டது. பதின்மூன்று வயதளவிற் சுப்பாராவ் வீட்டை விட்டு ஓடினார். காசிக்குச் சென்று யாத்திரிகருக்கு வாழைப்பழம் விற்றுப் பொருள் தேடலாம் என்பது அவர் எண்ணம். தாயார் அவரை மீட்டு வந்து மீண்டும் பள்ளியிற் சேர்த்தார். அத்தாயின் உறுதி இல்லையேல் இச்சரிதமே இல்லை.

மீண்ட பின்னரும் படிப்பு எளிதில் ஏறவில்லை. மெட்ரிக்குலேஷன் பரீட்சையில் இரண்டு தடவை தவறினார். சென்னை இந்து உயர்தரப் பாடசாலையிற் பயின்று மூன்றாந் தடவையே சித்தியெய்தினார். நம் கல்லூரியைப் போலவே இந்து என்னும் பெயர் தாங்கிய பாடசாலை ஒன்று, இருமுறை தவறிய மாணவனை ஏற்று முன்னேற்றியது என்பதை மாணவரும் ஆசிரியரும் ஒருங்கே நினைவிற் கொள்ளுதல் நன்று. பெறுபேற்றுப் பட்டியலிற் பெயர் காணாத பிள்ளையை ஒதுக்கிவிடும் வழக்கம் நம்மிடையே இல்லையென்று சொல்வதற்கில்லை.

பின்னர்ச் சென்னைப் பிரசிடென்சிக் கல்லூரியிற் படித்தார். அக்காலத்தில் அவர் உள்ளம் துறவிலே சென்றது. இராமகிருஷ்ண மிஷனிற் சேர விரும்பினார். அதன் ஒரு கிளையை வெள்ளவத்தை வாசிகள் நன்கு அறிவர். தாயாரின் சம்மதமின்றி மடத்துப் பெரியோர் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. வைத்தியம் பயின்று மக்களுக்குத் தொண்டு செய்யுமாறு வழிகாட்டினர். 1915ஆம் ஆண்டில் அவர் சென்னை வைத்தியக் கல்லூரியிற் சேர்ந்தார்.

அங்கும் இடர் வந்தது. காந்தியடிகளின் அழைப்பை ஏற்று அந்நியத் துணியை விலக்கிய சுப்பாராவ், சத்திரசிகிச்சை வகுப்புக்குங் கதராடையிலேயே சென்றார். சத்திரவைத்தியப் பேராசிரியரான ஆங்கிலேயருக்கு அது பிடிக்கவில்லை. எழுத்துப் பரீட்சைகளை நன்கு எழுதியிருந்தும் அவருக்கு எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை; அதனினுங் குறைந்த எல்.எம்.எஸ். என்னும் தராதரமே கிடைத்தது. அரசாங்க வைத்திய சேவையிற் சேர முயன்றும் இடம் பெறவில்லை. சென்னையிலிருந்த டாக்டர் இலக்ஷ்மிபதியின் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூற்று விரிவுரையாளராய் அமர்ந்தார். மேனாட்டு வைத்தியங் கற்றவர் ஆயுர்வேதக் கல்லூரியிற் பணிபுரிவதை இழிவென எண்ணியோர் பலர் வாழ்ந்த காலம் அது. அவரோ அவ்வைத்தியத்தையும் ஆர்வத்தோடு நோக்கினார்.

இதற்கிடையில் 1919இல் சேஷகிரி என்னும் பெண்மணியை மணந்தார். உடன்பிறந்தார் இருவர் குறுகிய கால இடைவெளியில் ஸ்புரூ எனப்படும் கழிச்சல் நோய்க்குப் பலியாயினர். உணவின் சாரம் உடலிற் சேராது, குருதி வற்றி, உடல் மெலியச் செய்யும் நோய் அது. அக்காலத்து வைத்தியர்க்கு அதனைத் தீர்க்கும் வழி தெரியாது. அத்துயரம் சுப்பாராவின் உள்ளத்திலே ஆழப் பதிந்தது. வெப்பநாட்டு நோய்களை ஆராய வேண்டும் என்னும் வேட்கை எழுந்தது. காக்கிநாடாவிலுள்ள மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் தருமநிதியின் உதவியும் மாமனாரின் உதவியும் கொண்டு, 1922 அக்டோபரில் ஐக்கிய அமெரிக்காவின் பொஸ்ரன் நகரை அடைந்தார்.

அங்கே ஹாவாட் சர்வகலாசாலையின் வெப்பநாட்டு வைத்தியக் கல்லூரியிற் பயின்றார். கைப்பணம் போதாமையால் வைத்தியசாலையொன்றில் இரவுப் பணியாளராய் அமர்ந்து, நோயாளரின் மலசலச் சட்டிகளைக் கழுவினார். வைத்தியக் கல்லூரியில் தேறியவர், விரிவுரையாளராய் இருந்தவர், இப்பணியைச் செய்தார். தொழிலில் உயர்வு தாழ்வு காண்போருக்கு இது ஒன்றே போதிய பாடம்.

பின்னர் உயிரிரசாயனப் பகுதியிலே சைரஸ் பிஸ்க் என்பவரோடு ஆய்விற் புகுந்தார். குருதியிலும் சிறுநீரிலும் உள்ள பொசுபரசின் அளவைக் கணிக்க இருவரும் 1925இல் வெளியிட்ட முறை, உலகெங்குமுள்ள ஆய்வுசாலைகளில் வழக்குக்கு வந்தது. 1927இல் தசையிலுள்ள பொசுபோகிரியேற்றின் என்னும் பொருளை அவர்கள் விளக்கினர். இங்கிலாந்திலும் அதே காலத்தில் அது காணப்பட்டது. தசை சுருங்குதற்கு வலு எங்கிருந்து வருகிறது என்பதுபற்றி, நோபல் பரிசு பெற்ற அறிஞர் கொண்டிருந்த கொள்கையே அதனால் ஆட்டங்கண்டது. 1929இல் அடினோசின் முப்பொசுபேற்று என்னும் பொருளையும் வெளிப்படுத்தினர். ஜேர்மனியிலே கார்ல் லோமன் என்பவரும் அதே ஆண்டில் அதனைத் தனியே கண்டார். உயிர்க்கலங்கள் யாவும் தம் வேலைக்குச் செலவிடும் நாணயம் அதுவே என இன்று பாடசாலைப் பிள்ளைகளும் படிக்கின்றனர். படிக்கும் பிள்ளைகளுக்கு அப்பெயருக்குப் பின்னே நம் பிரதேசத்தவர் ஒருவர் நிற்பது தெரிவதில்லை.

1930இல் அவர் கலாநிதிப் பட்டம் பெற்றார். எனினும் நிலையான பேராசிரியப் பதவி ஹாவாட்டிற் கிடைக்கவில்லை. தம் பங்கை எடுத்துக் கூறித் தமக்கென இடங்கேட்கும் இயல்பு அவரிடம் இல்லை. 1940இல் நியூயோர்க் மாநிலத்துப் பேர்ல் றிவர் என்னும் ஊரிலிருந்த லெடர்லி ஆய்வுசாலையிற் சேர்ந்து, விரைவில் அதன் ஆராய்ச்சித் தலைவரானார். எஞ்சியிருந்த எட்டு ஆண்டுகளில் அவருந் தோழரும் செய்தவை ஒருவர் ஆயுளுக்கு அடங்குவன அல்ல.

அவற்றுள் முதலாவது போலிக்கமிலம். 1930ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் லூசி வில்ஸ் என்னும் ஆங்கில வைத்தியப் பெண்மணி பம்பாயிலே ஆராய்ந்து, கர்ப்பிணிகளுக்கு வரும் ஒருவகைக் குருதிச்சோகையை மதுவச் சாரம் தீர்ப்பதைக் கண்டிருந்தார். அச்சாரத்தில் மறைந்திருந்த பொருள் எது என்பது நெடுநாள் தெளிவாகவில்லை. 1945இல் லெடர்லி ஆய்வாளர் அதனைச் செயற்கையாகவே ஆக்கிக் காட்டினர். அதுவே போலிக்கமிலம். ஸ்புரூ நோயாளருக்கு அதனைக் கொடுத்தபோது அவர்தம் குருதி ஊறியது. தம் உடன்பிறந்தாரைக் கொண்டுபோன நோய்க்குச் சுப்பாராவ் மருந்து கண்டார். அவர்கள் மறைந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. இன்று இலங்கையிலே தாய்சேய் கிளினிக்குக்குச் செல்லும் கர்ப்பிணித் தாய்மார் பெறும் சிறு குளிசை அப்போலிக்கமிலமே.

இரண்டாவது, யானைக்கால் நோய்க்கான டைஎதில்காபமசீன். 1947இல் அது வெளிவந்தது. கொழும்பு முதலாக மேற்கு, தென் கரையோர மக்களை அந்நோய் நெடுங்காலம் வருத்தியது. அதே 1947இல் இலங்கையில் யானைக்கால் தடுப்பு இயக்கம் தொடங்கியது. கிருமிகள் இரவிலேயே குருதியில் உலாவுதலின், உத்தியோகத்தர் இரவிலே வந்து விரல் நுனியிற் குருதி எடுத்ததைப் பழைய மாணவர் மறந்திரார். நோய் கண்டோருக்குக் கொடுக்கப்பட்ட குளிசை சுப்பாராவின் ஆய்வுசாலைக் குளிசையே. 2016இல் உலக சுகாதார நிறுவனம், யானைக்கால் நோய் இலங்கையிற் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லாதொழிந்தது என அறிவித்தது.

மூன்றாவது, ஓரியோமைசின் என்னும் கிருமிநாசினி. பெஞ்சமின் டக்கர் என்னும் முதுபேரறிஞர், சுப்பாராவின் தலைமையில் நடந்த ஆய்வுசாலையில் மண்ணிலிருந்து அதனைக் கண்டெடுத்தார்.

நான்காவது, நம் கட்டுரைக்கு உரியது. போலிக்கமிலத்தின் அமைப்பு விளங்கியதும், அதனைப் போன்ற தோற்றமும் அதற்கு எதிரான செயலும் உடைய பொருள்களை ஆக்கலாயினர். பூட்டிலே நுழைந்தும் திறவாத போலித் திறப்பைப் போன்றவை அவை. விரைந்து பெருகும் கலங்களுக்குப் போலிக்கமிலம் இன்றியமையாதது. போலித் திறப்பு அடைத்துக்கொண்டால் அவை பெருக மாட்டா. இவ்வாறு எழுந்த அமினொப்தெரின் என்னும் பொருளைப் பொஸ்ரனிலே சிட்னி பாபர் என்னும் வைத்தியர் குருதிப் புற்றுநோயுற்ற குழந்தைகளுக்குக் கொடுத்தார். 16 குழந்தைகளுள் 10 பேருக்குச் சிலகாலம் நோய் தணிந்தது என 1948 ஜூனில் வெளியிட்டார். அக்காலத்தில் அந்நோய் வந்த குழந்தைக்குச் சில வாரமோ சில மாதமோ தவிர வாழ்வில்லை. அமினொப்தெரினின் உடன்பிறப்பாய் அதே ஆய்வுசாலையில் ஆக்கப்பட்டதே மெதோற்றெக்சேற்.

இரண்டே மாதங் கழித்து, 1948 ஆகஸ்டில், சுப்பாராவ் உறக்கத்திலேயே மாரடைப்பால் உயிர் நீத்தார். வயது 53. தாயகத்தை விட்ட பின் அவர் மீண்டும் அதனைக் கண்டதில்லை. அவருக்குப் பிறந்த ஆண்மகவு தந்தையின் முகங் காணாமலே குழந்தைப் பருவத்தில் இறந்தது. சேஷகிரி அம்மையார் கால் நூற்றாண்டுக்கு மேலாகக் கணவரின் வரவை நோக்கியிருந்தார். அறிஞரின் புகழைக் கூறுவோர் இதனைக் கூறாது விடுதல் முறையன்று. உலகுக்கு வந்த பயனில் ஒரு பங்கு அவ்வம்மையாரின் இழப்பிலிருந்து வந்தது. அவ்விழப்புக்கு ஈடாக எதனையும் எவரும் கொடுத்தாரில்லை.

1951இல் நியூயோர்க்கைச் சேர்ந்த கப்னர் முதலிய வைத்தியர், அமினொப்தெரின் முடக்குவாதத்தைத் தணிப்பதாக அறிவித்தனர். எவரும் செவிசாய்க்கவில்லை. சுப்பாராவ் மறைந்த அடுத்த மாதத்திலே மேயோ வைத்திய நிலையத்தில் பிலிப் ஹென்ச் கோட்டிசோன் என்னும் சுரப்பை முடக்குவாத நோயாளிக்கு ஏற்றி, எழுந்து நடக்கச் செய்திருந்தார். 1950இல் ஹென்ச்சும் கெண்டலும் ரைக்ஸ்ரைனும் அதற்காக நோபல் பரிசு பெற்றனர். உலகம் அம்மருந்தின் பின்னே சென்றது. அதனை நெடுநாள் மிகுதியாக உண்டால் எலும்பு நைதல் முதலிய தீங்குகள் வருதல் பின்னரே உறைத்தது. 1985இல் முறையான பரிசோதனைகள் மெதோற்றெக்சேற்றின் பயனை நிலைநாட்டின. 1988இல் அமெரிக்க அரசாங்கம் முடக்குவாதத்துக்கு அதனை அங்கீகரித்தது. இன்று உலகெங்கும் வைத்தியர் பெரும்பாலும் முதலில் எடுப்பது இம்மருந்தையே. புதிய விலையுயர்ந்த ஊசிமருந்துகள் வந்த பின்னும் அவற்றுக்குத் துணையாக இதனையே சேர்க்கின்றனர்.

இங்கே ஓர் அதிசயம் உண்டு. குறைந்த அளவிற் கொடுக்கும்போது இம்மருந்து மூட்டிலே அடினோசின் என்னும் பொருளைப் பெருகச் செய்து, அதன் வாயிலாகச் சினந்த வெண்குழியங்களை அமைதிப்படுத்துகின்றது என ஆய்வாளர் கருதுகின்றனர். அவ்வடினோசினின் ஒரு பகுதி, கலத்துக்கு வெளியே வரும் அடினோசின் முப்பொசுபேற்றுச் சிதைவதால் உண்டாவது. மருந்தின் தீங்கைக் குறைக்க வைத்தியர் உடன் கொடுப்பதோ போலிக்கமிலம். ஆகவே முடக்குவாதமுற்ற ஒரு தாயின் உடலிலே சுப்பாராவின் மூன்று கண்டுபிடிப்புகள் சந்திக்கின்றன. இளமையிற் கண்டது, முதிர்ந்து கண்டது, இறுதியிற் கண்டது ஆகிய மூன்றும் ஒரு கைவிரலின் வீக்கத்தைத் தணிக்கக் கூடுகின்றன.

இம்மருந்தை உண்போர் வீட்டிலிருந்தால் மாணவர் ஒன்றை மனத்திற் பதித்துக்கொள்க. முடக்குவாதத்துக்கு இது கிழமைக்கு ஒருமுறை, குறித்த ஒரே நாளில் உண்ணப்படுவது. நாள்தோறும் உண்பது என்று பிறழ உணர்ந்து உண்டு உயிரிழந்தோர் பல நாடுகளில் உளர். கர்ப்பிணிகள் இதனை உண்ணலாகாது. வைத்தியர் சொல்லும் காலங்களிற் குருதிப் பரிசோதனையும் செய்தல் வேண்டும். மருந்துச்சீட்டை வாசிக்க இயலாத பேத்தியாருக்கு அதனை வாசித்துச் சொல்லுதல் கற்ற பிள்ளையின் கடமை. பயந்து தாமாகவே நிறுத்திவிடுதலும் கேடே. ஐயமெழுந்தால் வைத்தியரிடம் கேட்டுத் தெளிக.

சுப்பாராவ் நோபல் பரிசு பெற்றாரல்லர். அவர் பெயரை ஒரு பூஞ்சண இனத்துக்கு இட்டனர். 1995இல், பிறந்து நூறாண்டு நிறைந்தபோது, இந்தியா அஞ்சல் முத்திரை வெளியிட்டது. இவை அவருக்குப் போதுமா என்பதை அறிஞர் தீர்மானிக்கட்டும். நம்மளவில், விறைத்த விரல்கள் மீண்டும் மடங்கி, ஒரு தாய் தன் பிள்ளையின் தெறியைப் பூட்டும்போது, அவ்வறிஞரை ஒருகணம் நினைத்தல் தகும். மூன்றாந் தடவை பரீட்சைக்கு அமரும் மாணவனும் அவரை நினைத்துக்கொண்டு எழுதுவானாக.